மேகத்துக்குள் பார்க்காத எதிரி

அந்த இரும்புப் பெடல் மதினியுடையது. கேட்காமல் எடுத்தேன். திருடினேன் என்றாலும் தப்பில்லை. தாராவியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அண்ணனின் கார்கானா, தோல் பை தைக்கும் இடம். மோட்டார் வைத்த மெஷின்கள் வந்ததும், மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிதித்துவந்த பழைய மெஷினை மூலையில் தள்ளிவிட்டார்கள். நான் அதன் அடியிலிருந்த பெடலைக் கழற்றி, இரும்பு ஏணி வழியாக மேல் அறைக்குத் தூக்கிப்போய், இரண்டு சென்சார் ஒட்டி, கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டேன். விமானத்தின் வாலில் இருக்கும் சுக்கானை விமானி காலால்தான் திருப்புவான். அதற்கென்று கடையில் விற்கும் பெடல் வாங்க எனக்கு வசதியில்லை. இதில் விரல் பக்கம் அமுக்கினால் விமானம் வலப்புறம் திரும்பும், குதிகாலால் அமுக்கினால் இடப்புறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அதை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏணியில் சத்தம் கேட்டது. "கொழுந்தனாரே, என் மெஷினுக்குக் காலு எங்க? நடந்து போயிட்டுன்னு சொல்லிராதீரும்" என்றபடி மதினியின் தலை தரைமட்டத்தில் தெரிந்தது. பெடலைப் பார்த்தார். திரையில் சுற்றிக்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். "தள்ளும், நான் மிதிக்கேன்" என்றார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அதுவரை வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி, பதினான்கு பேர். போர் விமானச் சண்டை விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பழைய காலத்துப் போர், மூக்கில் விசிறி சுற்றும் விமானங்கள், ரேடார் கிடையாது. விளையாட்டு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். எல்லாம் நிஜம்போல. நேராக மேலே ஏறினால் வேகம் குறையும், இன்னும் ஏறினால் காற்றின் பிடி விட்டு விமானம் கல்லாக விழும். வேகமாகத் திருப்பினால் தலையிலிருந்து ரத்தம் இறங்கிக் கண் இருட்டும். எஞ்சினை விரட்டினால் கொதிக்கும். இந்த நிஜத்தையெல்லாம் செய்தவர்கள் மற்றவர்கள். என் வேலை எதிரி. எதிரில் வரும் விமானத்தைக் கம்ப்யூட்டர் ஓட்ட வேண்டும், ஆடுபவனோடு சண்டை போட வேண்டும். அந்த மூளையைச் செய்தவன் நான்.

இந்தத் தொழிலின் திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் எதிரி ஓட்டுவது விமானமே அல்ல. விமானப் படம் ஒட்டிய ஒரு புள்ளி. அதற்கு எடை இல்லை, எஞ்சின் கொதிக்காது, கண் இருட்டாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அது தேடவும் வேண்டாம். உங்கள் இடம் கம்ப்யூட்டருக்குள் எண்ணாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளும். ஆடுபவனுக்கு ஆயிரம் சட்டம் போட்டு நிஜம் நிஜம் என்று கூவுவோம், எதிரிக்கு ஒரு சட்டமும் கிடையாது. நேர்மையாகச் செய்தால் எதிரி முட்டாளாகிறான், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், ஏமாற்றினால் ஒரே நாளில் கெட்டிக்காரனாகிவிடுகிறான். நானும் அப்படித்தான் செய்துவைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மதினி முதல் மாதம் முழுக்க மலையில் மோதினார். கடலில் விழுந்தார். ஓடுபாதையை விட்டே எழும்பாமல் மூன்று முறை வெடித்தார். ஆனால் அவருக்குக் காலில் ஒரு கணக்கு இருந்தது. எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு நகரும் என்பது உள்ளங்காலுக்குத் தெரியும். இரண்டாவது மாதம் எங்கள் ஆபீஸ் பையன்களைவிட நன்றாகத் திருப்பினார். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஏணி ஏறிவிடுவார். அண்ணன் கீழிருந்து, "ஏட்டி, பிளேன் பைலட்டு, ஒரு டீ போட்டுட்டுப் பறக்கப்படாதா?" என்று கத்துவான். "வானத்துல டீக்கடை இல்ல, நீங்களே போட்டுக்கிடுங்க" என்று பதில் போகும்.

ஒருநாள் அவர் விமானத்தை மேகத்துக்குள் ஒளித்தார். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. உள்ளேயே திரும்பிக் கீழே இறங்கி, வேறு பக்கமாக வெளியே வந்தார். வந்த இடத்தில் எதிரி மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். சுட்டான். மறுபடி ஆடினார், மறுபடி அதே கதை. நாலாவது முறை கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேகத்துக்குள்ள நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல. இவனுக்கு எப்படித் தெரியும்?" நான் யோசிக்காமல், "ரேடார் மதினி" என்றேன். "சும்மா காலிபீலி பொய் சொல்லாதீரும். இந்த பிளேன்ல ரேடார் கிடையாதுன்னு போன வாரம் நீருதான சொன்னீரு? இன்னொண்ணும் பாத்தேன். நேரா மேல ஏறுனா எனக்கு மூச்சு முட்டுது. அவன் படிக்கட்டுல ஏறுற மாதிரி ஏறுதான். அவனுக்கு மட்டும் வேற பூமியா?"

ஆட்டத்தை நிறுத்தினேன். பிறகு உண்மையைச் சொன்னேன். மதினி கத்தவில்லை. "ரூல் ஒண்ணுன்னா தோக்குறதுக்கு நான் ரெடி. ரூலே வேறன்னா நான் எதுக்கு இங்க உக்காந்து கெடக்கணும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவர் சும்மா முறுக்கிக்கொள்ளும் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு பெரிய கடைக்குப் பை தைத்துக் கொடுத்தபோது, அங்கிருந்து ஒரு செக்கர் வருவார். தையல் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பத்துக்கு நாலு பையைத் தூக்கி எறிவார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் மதினி ஸ்கேலை எடுத்து, செக்கர் மாதிரிக்குக் கொண்டுவந்த பையையே அளந்தார். தையல் அரை இஞ்ச் கோணல். "அண்ணே, முதல்ல இத ரிஜெக்ட் பண்ணுங்க" என்று அவர் கையில் கொடுத்தார். கார்கானாவே சிரித்தது. அந்தக் கடையோடு வேலை நின்றுபோனது, அண்ணன் ஒரு வாரம் மதினியிடம் பேசவில்லை. அவர் அசையவில்லை. அப்படிப்பட்டவரிடம் நான் ரேடார் என்று கதை விட்டிருக்கிறேன்.

பழைய எதிரியை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இவனுக்கும் அதே விமானம், அதே எடை, அதே கொதிக்கும் எஞ்சின். இவனுக்குக் கண் வைத்தேன். மூக்குக்குக் கீழே தெரியாது, வாலுக்குப் பின்னால் தெரியாது, சூரியனைப் பார்த்தால் கூசும், மேகத்துக்குள் ஒன்றும் தெரியாது. கடைசியாக எங்கே பார்த்தோம் என்ற ஞாபகம் மட்டும் இருக்கும், அதை வைத்து ஊகிக்க வேண்டும். முதல் முறை நாலு பேரை விட்டபோது நாலு பேரும் வரிசையாக ஒரே மலையில் மோதினார்கள். புதியவனைப் பற்றிக் கேட்டுத் திரும்பவும் ஏறிவரத் தொடங்கியிருந்த மதினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சயான் சிக்னல்ல ரோடு தாண்டுறவனுவ மாதிரில்லா போறானுவ!" ஆனால் எழுந்து போகவில்லை. முட்டாள் எதிரியோடு உட்கார்ந்து ஆடினார். வாராவாரம் அவனைத் திருத்தினேன். எதிராளி மறைந்தபின் எந்தப் பக்கம் வெளியே வருகிறான் என்று எண்ணி வைத்துக்கொள்ளவும், அதிலிருந்து அடுத்த முறை ஊகிக்கவும் பழக்கினேன். ஆறு மாதத்தில் அவன் மதினியை நேர்மையாகச் சுட்டு வீழ்த்தினான். மதினி, "ஆ, இது என் தப்பு. சூரியன் இருந்த பக்கமா அவன வரவிட்டுட்டேன்" என்றார். தோற்ற மனுஷியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஆபீஸில் மதினி ஆடிய ஆட்டங்களின் பதிவைக் காட்டினேன், எல்லோருக்கும் பிடித்தது. எங்கள் இயக்குநர் மாட்டுங்காக்காரர், நல்ல பேச்சாளர். விற்பனைப் பக்கத்தில் ஒரு வரியை அவரே எழுதிப் பெரிய எழுத்தில் போட்டார்: 'எதிரியும் உங்கள் சட்டத்திலேயே பறக்கிறான்.' அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விளையாட்டை வாங்கி விற்கப்போகும் கம்பெனியின் ஆள் ஒரு திங்கட்கிழமை சோதித்துப் பார்க்க வந்தார். ஆடினார். மேகத்துக்குள் போய் இடப்புறம் திரும்பினார். என் எதிரி வலப்புறம் போய்த் தேடினான். அவர் பின்னால் வந்து சுட்டார். மறுபடி இடது, மறுபடி சுட்டார். பத்து ஆட்டத்திலும் அதேதான். "அந்தா ஹை க்யா?" என்று சிரித்தார். குருடனா என்று கேட்கிறார். மற்ற பதின்மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அவர் போன பிறகு இயக்குநர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இதோ பாருங்கோ, கஸ்டமருக்கு நியாயம் வேண்டாம், சண்டை வேணும். உங்க பழைய எதிரி எல்லாத்தையும் பார்த்தான், அவனைப் புத்திசாலின்னு சொன்னா. இவன் நேர்மையாத் தேடறான், இவனைக் குருடன்னு சொல்றா. பழையவனைத் திருப்பிப் போடுங்கோ. வெள்ளிக்கிழமை கையெழுத்து." அவர் சொன்னதில் பாதி உண்மை. ஏமாற்றுகிறவனைப் புத்திசாலி என்றும் நேர்மையாகத் தடுமாறுகிறவனை முட்டாள் என்றும் ஜனங்கள் நினைக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பாதி உண்மைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "அப்போ சேல்ஸ் பேஜ்ல போட்ட அந்த வரி சார்?" என்றேன். "வரி இருக்கட்டுமே. நன்னாத்தானே இருக்கு." எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவன் 'வெளியீட்டுக்குத் தயார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எதிரிக்கு நான். பொய்க்குக் கீழே என் பெயர் இருக்கும். போடாவிட்டால் வேலை இருக்காது. நாலு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே மதினியிடம் சொன்னேன். எங்கள் எதிரி பத்து முறை தோற்றதைக் கேட்டு அவருக்கே ரோசம் வந்துவிட்டது. ஆடிப் பார்த்தார். எதிரி அவரைச் சரியாகவே பிடித்தான். நான் ஆடினேன், இடப்புறம் போனேன், அவன் வலப்புறம் போனான். மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஆடச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கொழுந்தனாரே, இவன் என்னையில்லா தேடுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையல் மெஷினில் பழகிய கால் அது. எதைத் தொடங்கினாலும் முதலில் விரல் பக்கத்தைத்தான் அமுக்கும். விரல் என்றால் வலது. மதினி மேகத்துக்குள் போனால் எப்போதும் வலப்புறம்தான் திரும்புவார், அவருக்கே தெரியாமல். என் எதிரி ஆறு மாதமாகப் பார்த்த ஒரே மனுஷி அவர். உலகத்தில் எல்லோரும் வலப்புறம் திரும்புவார்கள் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் குருடன் இல்லை. அவனுக்கு வேறு யாரையும் தெரியாது, அவ்வளவுதான். தப்பு என்னுடையது.

"அதுக்கென்ன, நாலு பேரக் காட்டுனா பழகிக்கிடுவான்" என்றார் மதினி. செவ்வாயிலிருந்து மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில் கார்கானாப் பெண்கள் ஆறு பேரை ஏணி ஏற்றினார். நான் உடம்பு சரியில்லை என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு அவர்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தேன். பெடலைக் கழற்றிவிட்டுச் சாதாரண கீபோர்டைக் கொடுத்தேன். ஒருத்தி எப்போதும் மேலே ஏறினாள். ஒருத்தி நேராகத்தான் போனாள், வளைவது அவமானம் என்பதுபோல. இடக்கைக்காரி ஒருத்தி இருந்தாள், அவளைப் பிடிக்க முடியாமல் எதிரி திணறினான். "ஏ இவளே, அவனுக்குக் கொஞ்சம் எடம் குடுட்டி, மனுசன் வாழட்டும்" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். எதிரி எண்ணிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை அவன் ஊகம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இன்னொன்றும் மதினிதான் கண்டார். "எதிராளி காணாமப் போயிட்டா ஒரு மனுசன் எப்படித் தேடுவான்? கழுத்தத் திருப்பி அங்க இங்க பாப்பாம்ல? இவன் ஆணியடிச்ச மாதிரி நேராப் போறான். பாக்குறவனுக்குக் குருடன் மாதிரிதான் தெரியும்." அது நிஜம். விமானி கீழே தேட வேண்டுமென்றால் இறக்கையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தன் இறக்கையே மறைக்கும். நான் எதிரிக்குக் கண் வைத்தேனே தவிர, அவன் தேடுவதை ஆடுபவன் பார்க்கட்டும் என்று யோசிக்கவில்லை. அன்றே செய்தேன். உங்களைத் தொலைத்துவிட்டால் இடது இறக்கையைச் சாய்ப்பான், பார்ப்பான், வலதைச் சாய்ப்பான், பார்ப்பான். நீங்கள் மேகத்தின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு அதைப் பார்த்தால் வெளியே வரவே தோன்றாது. எல்லாம் தெரிந்தவனைவிட, தெரியாமல் தேடுகிறவன் பயங்கரமானவன். நிஜத்தைக் கூட்டினால் எதிரி கெட்டுவிடுவான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் சோம்பேறிகள், நானும் உட்பட.

வெள்ளிக்கிழமை இயக்குநர் ஆடினார். ஐந்தில் மூன்று தோற்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். "ஆனா லேட். பழையவன்தான் வேணும்னு அவா முடிவு பண்ணியாச்சு. அடுத்த தடவை பார்ப்போம்."

"அப்போ அந்த வரியை எடுத்துடுங்க சார்."

"வரியை யார் செக் பண்ணப்போறா?"

"எங்க மதினி பண்ணினாங்க."

"அவங்க என்ன, பைலட்டா?"

"பை தைக்கிறவங்க."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். செம்பூர் ஸ்டேஷன் வரை நடக்கும்போது பயமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. கோபத்தில் பாதி பயம்தான்.

அண்ணன் குதித்தான். "மேகத்துக்காவ வேலைய விட்டவன் இந்த பம்பாயில நீ ஒருத்தன்தாம்ல!" மதினி எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அவனைச் சமாதானப்படுத்தவும் இல்லை. "அந்த எதிரியக் கொண்டாந்துட்டீரா?" என்று கேட்டார். இல்லை மதினி, எழுதினதெல்லாம் கம்பெனி சொத்து, தொடக் கூடாது என்றேன். "அப்ப இன்னொருத்தன உண்டாக்கும். கை உம்மகிட்டதான இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கார்கானாவுக்குள் போய்விட்டார்.

அந்த விளையாட்டு வெளியானது. பழைய எதிரியோடுதான். நன்றாக விற்றது. அந்த வரி இன்றும் அதே பக்கத்தில் அதே பெரிய எழுத்தில் இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உண்மை ஜெயித்தது என்று இங்கே எழுதினால் நானும் அந்த வரியை எழுதியவனாகிவிடுவேன்.

கார்கானா இப்போது கோவண்டியில். மேல் அறை இருந்த இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் சுனாபட்டியில் ஒரு அறையில் இருக்கிறேன். பகலில் ஒரு வங்கிக்குச் செயலி சோதிக்கும் வேலை, கிடைக்கும் நேரத்தில் என் சொந்தச் சண்டை விமானம். முதல் எழுத்திலிருந்து திரும்ப எழுதினேன், மூன்று வருஷம் ஆனது. ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு கடற்கரை, ஒரு எதிரி. அவன் மேகத்துக்குள் பார்க்க மாட்டான். 'எதிரிக்குப் பழக்கம் கொடுத்தவர்கள்' என்று போட்டு, இவனோடும் வந்து ஆடிய மதினியையும் அந்த ஆறு பேரையும் சேர்த்து ஏழு பெண்களின் பெயரை என் பெயருக்கு மேலே வைத்திருக்கிறேன். மொத்தமாக வாங்கியவர்கள் ஒரு லோக்கல் ரயில் பெட்டியில் உட்காரும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அதில் பாதிப்பேர் எழுதித் திட்டுகிறார்கள். எதிரி என்னைத் தொலைத்துவிட்டான், முட்டாள் எதிரி, காசைத் திருப்பிக் கொடு என்று. நானும் விடுவதில்லை. நீ ஒளிந்தாய், அதனால் தொலைத்தான், உனக்கு அவனைத் தெரிந்ததா என்று பதில் எழுதுகிறேன். எல்லாம் பார்க்கும் எதிரி ஒன்றைத் தனிப் பொத்தானாக வைத்தால் விற்பனை கூடும் என்று ஒரு நண்பர் சொன்னார். வைக்க மாட்டேன். செத்தாலும் வைக்க மாட்டேன்.

போன ஞாயிறு ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரென்று தெரியாது, உல்லாஸ்நகரிலிருந்து எழுதியிருந்தார். பத்து ஆட்டம் ஆடியிருக்கிறார், பத்திலும் தோற்றிருக்கிறார். ஒவ்வொன்றிலும் தான் எங்கே தவறினார் என்று வரிசையாக எழுதியிருந்தார். மூன்றாவதில் வேகத்தை விட்டது, ஏழாவதில் அவசரப்பட்டு மேகத்தை விட்டு வெளியே வந்தது, பத்தாவதில் திரும்பிப் பார்க்காதது. ஒரு இடத்தில்கூட எதிரியைக் குறை சொல்லவில்லை. மதினிக்குப் போன் போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது. "சத்தமா வாசியும், கேக்கல" என்றார். கத்தி வாசித்தேன். முடித்தேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"மதினி?"

"இருக்கேன். பதினொண்ணாவது எப்ப ஆடப்போறாராம்? கேட்டுச் சொல்லும்."